நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

1976 டிசம்பர் 1-ஆம் தேதி கேரளத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டு இந்துக் குடும்ப முறையை ஒழிக்கும் சட்டம். தாய்வழி உரிமையான மருமக்கத்தாய முறையில் மூன்று நான்கு தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தறவாடுகளில், குடும்பத்துச் சொத்து என்பது போய் ஆளுக்கு இவ்வளவு என்றானது. 1925-இன் திருவிதாங்கூர் நாயர் சட்டத்தோடே பாகப்பிரிவினை தொடங்கிவிட்டதுதான். மிச்சமிருந்த பெரிய வீடுகளின் கதையை 1976 முடித்தது. நிலத்தை சென்ட் கணக்கில் பிரிக்கலாம். நெல்லைப் பறையால் அளந்து பிரிக்கலாம். பூமுகம் என்னும் முன்திண்ணையில் கிடக்கும் சாய்வு நாற்காலியை எப்படிப் பிரிப்பது? விற்றுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வளைகுடாப் பணத்தில் கான்கிரீட் வீடுகள் எழும்ப எழும்ப, ஓட்டு வீடுகள் உத்தரம் உத்தரமாகக் கழற்றப்பட்டன. கதவு, நிலை, தூண், பெட்டி, கட்டில், நாற்காலி எல்லாம் லாரி ஏறின. அந்த லாரிகள் வந்து நின்ற முக்கியமான இடம், ஃபோர்ட் கொச்சியை ஒட்டிய மட்டாஞ்சேரி.

அங்கே கிடங்குகள் காலியாக இருந்தன. 1567-இல் கொச்சி அரசர் தம் அரண்மனைக்குப் பக்கத்தில் யூதர்களுக்கு நிலம் கொடுத்தார். அடுத்த ஆண்டே பரதேசி சினகாக் என்னும் யூதத் தொழுகைக்கூடம் எழும்பியது. அங்கே அமைந்த யூதத் தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் விற்ற குடும்பங்கள், 1948-இல் இஸ்ரேல் பிறந்த பிறகு, முக்கியமாக 1950-களில், ஒவ்வொன்றாக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. தெரு மட்டும் நின்றது. சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியதும் மிளகுக் கிடங்குகள் பழம்பொருள் கடைகளாயின. இன்று சினகாக்குக்குப் போகும் அந்தக் குறுகிய தெருவில் நடந்தால், வாசலில் வெண்கல உருளியும் சீனச் சாடியும், உள்ளே போகப் போக இருட்டில் அடுக்கடுக்காக நாற்காலிகளும் தெரியும். 2012-இல் கொச்சி முசிறி பினாலே தொடங்கியதிலிருந்து வாங்குகிறவர்கள் கூட்டமும் மாறிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிய காலம் போய், பெங்களூரு, சென்னை, கோவை அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

விற்றவர்கள் பக்கத்துக் கதை தமிழில் நாவலாகவே இருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’, 1997-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பழம்பெருமை பேசிக்கொண்டு வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிடும் முஸ்தபாக்கண்ணுவை அதில் படித்தவர்களுக்கு, மட்டாஞ்சேரிக் கடையின் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு வீடு தெரியும். நம் பக்கத்தில் இதே வேலையைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு செய்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது வந்த பர்மாத் தேக்குச் சாமான்கள் அங்கே இன்னும் கிடைக்கின்றன.

எங்கே போய் வாங்கினாலும் அடிப்படை ஒன்றுதான். நாற்காலி உட்காருவதற்கான பொருள். பழசோ புதுசோ, வீட்டுக்கு வந்த பிறகு அதில் யாராவது தினமும் உட்கார வேண்டும். கண்ணுக்குப் பிடித்தது என்பதற்காக வாங்கி, கூடத்தின் மூலையில் நிறுத்தி, ‘ஜாக்கிரதை, அதுல உட்காராதே’ என்று குழந்தையை விரட்டும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த நாற்காலியைச் செய்த ஆசாரி அதற்காகச் செய்யவில்லை.

எல்லாமே டச்சு

யூதத் தெருவில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் சொல் ‘டச்சு’. நாற்காலி எந்தக் காலத்ததாக இருந்தாலும் அந்தப் பெயர் சொன்னால் விலை ஏறும். டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது 1663-இல். ஆங்கிலேயரிடம் இழந்தது 1795-இல். அந்த 132 ஆண்டுகளில் செய்த நாற்காலி இன்று ஒரு கடைவாசலில் மழைச் சாரலில் நின்றுகொண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் கொழும்பு போனால், புறக்கோட்டையில் உள்ள டச்சுக்கால அருங்காட்சியகத்தையும் வொல்வெண்டால் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் காலத்துக்கே உரிய வட்ட நாற்காலி ஒன்று உண்டு. வட்டமான பிரம்பு இருக்கை, அரைவட்டமாகச் சுற்றி வரும் முதுகு, பெரும்பாலும் ஆறு கால்கள். ‘பர்கோமாஸ்டர் நாற்காலி’ என்பார்கள். நகரத் தலைவர் உட்காரும் நாற்காலி என்று பொருள். இலங்கையிலும் ஜாவாவிலும் இந்தியக் கரைகளிலும் 18-ஆம் நூற்றாண்டில் செய்தார்கள். பிறகு வந்த இரண்டு நூற்றாண்டுகளிலும் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டேயிருந்தார்கள். ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

வடிவத்தைப் பார்த்து ஏமாந்தவர்களில் பெரிய பெயர் ஒன்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஹோரஸ் வால்போல் என்ற எழுத்தாளர், பழம்பொருள் சேர்ப்பதில் பேர்போனவர். முறுக்குக் கடைசல் கால்களும் நெருக்கமான செதுக்கு வேலையும் கொண்ட கருங்காலி நாற்காலிகளை வாங்கி, அவை இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்தவை என்று நம்பித் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் அதே மாதிரி நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். உண்மையில் அவை 17-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில், நம் ஊர்த் தச்சர்களும் செதுக்கு வேலைக்காரர்களும் ஐரோப்பியர்களுக்காகச் செய்தவை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்த வகை நாற்காலிகள் இன்று சரியான ஊர்ப் பெயரோடு இருக்கின்றன. ஒரு தமிழ் வாசகர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவின் பழமை என்று கொண்டாடப்பட்டது நம் கரையின் கைவேலை.

கடைகளில் இன்று நிஜமாகக் கிடைப்பவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1950-கள் வரை செய்தவை. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களுக்காகவும், அதைப் பார்த்து ஆசைப்பட்ட உள்ளூர்ப் பெரிய வீடுகளுக்காகவும் உள்ளூர் ஆசாரிகள் செய்த நாற்காலிகள். இவற்றில் ராஜா, மலையாளிகள் ‘சாருகசேர’ என்று அழைக்கும் சாய்வு நாற்காலி. தேயிலைத் தோட்டத் துரைகளின் பங்களாவில் இருந்த வகையில் கைப்பிடிக்கு அடியில் இன்னொரு மரக்கை மடங்கியிருக்கும். முன்னால் திருப்பி நீட்டி, காலைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரை நினைத்தாலே பேப்பூர் வீட்டு மங்குஸ்தான் மரத்தடியும் அவருடைய சாருகசேரயும்தான் கேரளத்தாருக்கு நினைவுக்கு வரும்.

இன்னொரு வகை, வளைமர நாற்காலி. பழைய காபி கிளப்புகளிலும் மும்பை இரானி ஹோட்டல்களிலும் பார்த்திருப்பீர்கள். வியன்னாவில் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிதான் இதன் தாய். பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தார். ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு. அவ்வளவுதான் நாற்காலி. கழற்றிவைத்தால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும் என்பதால் உலகம் முழுவதும் கப்பலில் போனது. வளைமர நாற்காலி கிடைத்தால் இருக்கையின் உள்வட்டத்தைப் பாருங்கள். தோனெட், கோன், முண்டுஸ் என்று காகித லேபிளோ சூட்டுமுத்திரையோ இருந்தால் நல்ல பேறு. எடை குறைவு, பிடித்துத் தூக்க எளிது, சின்ன வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய நாற்காலி இல்லை என்பது என் கருத்து.

இரண்டு நாற்காலிகள்

ஒரு கடையில் நடந்ததைச் சொன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

முன்வரிசையில் பளபளவென்று கறுத்து மின்னும் ஒரு சாருகசேர. “சாரே, இது டச்சு. நூத்தம்பது வருஷம்” என்றார் கடைக்காரர்.

“சேட்டா, கவிழ்த்துப் பார்க்கலாமா?”

“அதுக்கென்ன, பாருங்க.”

இருவருமாகப் பிடித்துக் கவிழ்த்தோம். மேலே அத்தனை கறுப்பாக இருந்த மரம், இருக்கைச் சட்டத்தின் உள்பக்கத்தில் வெளிறிக் கிடந்தது. சாயம் வழிந்த கோடுகள் இரண்டு அங்கேயே உறைந்திருந்தன. சட்டத்தில் வில் வளைவாக ஒரே சீரான கீறல்கள், வட்ட ரம்ப மெஷின் அறுத்த தடம். மூலைத் தாங்குகட்டைகளைப் பிடித்திருந்தவை கூட்டல் குறித் தலை கொண்ட திருகுகள். அந்தத் திருகு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதே 1936-இல். பிரம்பு, மெஷினில் பின்னிய பாயாக வந்து, சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பழைய நாற்காலிக்குப் புதுத் திருகு போட்டிருப்பார்கள். பாய்ப் பிரம்பும் நூறு வருடத்துக்கு மேல் புழக்கத்தில் உள்ளதுதான். நான்கும் சேர்ந்து இருந்தால் அது புது நாற்காலி.

அதன் பின்னால் தூசி படிந்து, ஒரு காலில் வெள்ளைப் பெயின்ட் தெறித்து, இன்னொன்று நின்றது. அதையும் கவிழ்த்தோம். அடிப்பக்கம் முழுக்க எண்ணெயோ சாயமோ படாத உலர்ந்த சாம்பல் பழுப்பு. நாக்கும் துளையுமாகக் கோத்த மூட்டுகளில் மர முளைகள். விரலால் தடவினால் முளையின் தலை மயிரிழை மேலே நிற்பது தெரிகிறது. மரம் நாரின் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் சுருங்காது. சட்டம் சுருங்க, முளை மட்டும் அப்படியே நிற்பதால் வரும் மேடு அது. பல ஆண்டுகள் ஆனால்தான் வரும். பிரம்பு போட இருக்கையைச் சுற்றிக் கையால் துளைத்த ஓட்டைகள், ஒன்றுக்கொன்று சிறிது ஏறியும் இறங்கியும். கைப்பிடியின் முனை, உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் தட்டையாகி வழவழத்திருந்தது. பின்கால் ஒன்று மழைத்தண்ணீரில் உளுத்திருக்க வேண்டும். யாரோ ஒரு ஆசாரி நான்கு விரல் உயரம் அறுத்துவிட்டு, அதே ஜாதி மரத்தில் சாய்வெட்டாக ஒட்டுப் போட்டிருந்தார்.

“அது எங்க அப்பா காலத்துல வந்தது. யாரும் கேக்கறதில்ல. எல்லாருக்கும் மினுங்கணும்” என்றார் கடைக்காரர்.

வாங்க வேண்டியது அதைத்தான். ஒட்டுப் போட்ட கால் குறை என்று பலரும் விலகிப்போவார்கள். நன்றாகப் போட்ட ஒட்டு குறையே இல்லை. அந்த நாற்காலியை ஒரு வீடு விட்டுவிடாமல் காப்பாற்றியது என்பதற்கான அத்தாட்சி அது. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இரண்டு மூன்று உடைந்த நாற்காலிகளின் முதுகையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கி ‘செட்’ என்று விற்பார்கள். ஆறு சாப்பாட்டு நாற்காலி வாங்கும்போது ஆறையும் கவிழ்த்து வரிசையாக வைத்துப் பாருங்கள். கால் கடைசலின் உருட்டுகள் ஒரே உயரத்தில் வருகின்றனவா, அடிமரத்தின் நிறம் ஒன்றா என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

இன்னொரு விஷயம். யூதத் தெருவின் சரக்கெல்லாம் கேரளத்து வீடுகளிலிருந்து வந்ததல்ல. ஜோத்பூரில் மாமரத்திலும் ஷீஷமிலும் செய்து, தேய்த்து, சங்கிலியால் அடித்துப் பழசாக்கிய சாமான்களும் கலந்து நிற்கின்றன. அது புது மரச்சாமான் என்று தெரிந்து, புது மரச்சாமான் விலைக்கு வாங்கினால் தப்பில்லை. அடித்து வந்த தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். உட்கார்ந்து வந்த தேய்மானம் கையும் காலும் முதுகும் படும் இடத்தில் மட்டுமே இருக்கும்.

ஈட்டி மயக்கம்

கடைக்காரர்கள் இரண்டாவதாகச் சொல்லும் மந்திரச் சொல் ‘ரோஸ்வுட்’, அதாவது ஈட்டி. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கும் அரச மரங்கள். எவன் தோட்டத்தில் முளைத்தாலும் அரசருக்குச் சொந்தம். அந்த மதிப்பு இன்னும் போகவில்லை. ஈட்டியின் வைரம் கருஞ்சிவப்பில் கறுப்பு ரேகை ஓடியிருக்கும். சின்ன நாற்காலியைத் தூக்கினாலும் கை இறங்கும். கறுப்புச் சாயம் பூசிய வேறு மரம் அந்தக் கனம் கனக்காது. தேக்கைத் தடவினால் எண்ணெய்ப் பசை தெரியும், மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டினால் தோல் வாசனை போல ஒன்று வரும்.

ஈட்டி கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பேன். கேரளத்து வீடுகளின் உண்மையான உழைப்பாளிகள் பலாவும் ஆஞ்சிலியும். ஆஞ்சிலியைக் கன்னியாகுமரிப் பக்கத்தில் அயினி என்பார்கள். கெட்டுவள்ளம் என்னும் படகு கட்டுவதே இந்த மரத்தில்தான். தண்ணீரில் கிடந்து உழைக்கும் மரம் உங்கள் கூடத்தில் உழைக்காதா? பலா மஞ்சளாகப் பிறந்து, வெளிச்சம் பட்டுப் பட்டு ஆழ்ந்த தேன்பழுப்புக்கு வரும். அந்த நிறத்தை எந்தச் சாயத்தாலும் கொண்டுவர முடியாது. கடையில் இவற்றைச் சீண்டுவார் குறைவு, விலையும் ஈட்டிக்குப் பக்கத்தில் வராது.

மரம் எதுவானாலும் உளு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருப்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ஓட்டைக்குள் கறுத்துத் தூசி அடைந்திருந்தால் அது எப்போதோ முடிந்துபோன கதை. ஓரம் கூர்மையாக, உள்ளே வெளுப்பாக, தட்டினால் மாவு மாதிரி கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. சந்தேகமாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் மற்ற மரச்சாமான்களோடு சேர்க்காமல், கறுப்புத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் இரண்டு வாரம் நிறுத்திவையுங்கள். தூள் விழுந்தால் துணி காட்டிக்கொடுக்கும். மரத்தின் வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சி முதலில் பிடிக்கும், வைரத்தைச் சீக்கிரம் தொடாது.

இஞ்ச் டேப்பும் முழங்காலும்

பழைய நாற்காலி வாங்கப் போகிறவர் பையில் இருக்க வேண்டியவை ஒரு டார்ச்சும் ஒரு இஞ்ச் டேப்பும். சாப்பாட்டு மேசை 30 இஞ்ச் உயரம் என்றால் நாற்காலி இருக்கை 17, 18 இஞ்ச் இருக்க வேண்டும். பழைய நாற்காலிகள் பல, கால் உளுத்து உளுத்து அறுக்கப்பட்டு, 15 இஞ்சுக்கு இறங்கிவிட்டவை. அதில் உட்கார்ந்து சாப்பிட்டால் தட்டு நெஞ்சுக்கு வரும். கைப்பிடி வைத்த நாற்காலி மேசைக்கு அடியில் நுழையுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஏறக்குறைய எல்லோரும் மறக்கும் அளவு இது.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்காக வாங்குகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்வேன். சாருகசேர வேண்டாம். அப்பா ஓய்வாகச் சாய்ந்திருப்பார் என்ற ஆசை நியாயமானதுதான். இருக்கை பின்னால் தாழ்ந்து, ஆழமாகவும் இருப்பதால் எழுந்திருக்க முடியாது, ஒவ்வொரு முறையும் ஒருவர் கை கொடுக்க வேண்டும். பழைய கோர்ட்டுகளிலும் ஆபீசுகளிலும் இருந்த, நேர் முதுகும் உறுதியான கையும் வைத்த பிரம்பு நாற்காலி அவர்களுக்கு ஏற்றது. கையை ஊன்றி எழுந்துவிடலாம். விலையும் குறைவு.

வாங்கும் முன் உட்காருங்கள். ஒப்புக்கு ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் போதாது. கடைக்காரரோடு பேசியபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். முதுகு எங்கே வலிக்கும் என்பது பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியவரும். பிறகு எழுந்து, முதுகுச் சட்டத்தின் இரு முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பழைய நாற்காலிகளின் மூட்டு வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டது. சூடும் ஈரமும் காட்டினால் வச்சிரம் இளகும், ஆசாரி கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டலாம். அதனால் ஆட்டம் காணும் மூட்டு பெரிய குற்றமில்லை. ஆணி அடித்து நிறுத்திய மூட்டுதான் குற்றம். ஆணி மரத்தைப் பிளந்துவிடும். வீட்டில் நீங்களாக ஃபெவிகாலை ஊற்றி மூடிவிடவும் வேண்டாம், அடுத்து வரும் ஆசாரி அதைக் கழற்ற மரத்தையே உடைக்க வேண்டிவரும்.

பாலிஷ் விஷயத்தில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. ‘பாலிஷ் போட்டுத் தருகிறோம், புதுசு மாதிரி ஆயிடும்’ என்று கடையில் சொன்னால், வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று சொல்லுங்கள். மெஷின் வைத்துத் தேய்த்தால் நூறு வருடம் கை பட்டுப் படிந்த மேல்தோல் ஒரு மணி நேரத்தில் போய்விடும். அதன்மேல் மெலமினோ பியூவோ அடித்தால் மரம் பிளாஸ்டிக் உறை போட்டது போலாகும். பழைய பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஏற்றியது. மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தால் பிசுபிசுக்கும், அதுவே அடையாளம். அதற்கு மேலே இன்னொரு அரக்குப் பூச்சு ஏற்றினால் போதும். அரக்குக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை, உலகுக்கே கொடுக்கும் நாடுகளில் இந்தியா முன்னால் நிற்கிறது.

சட்டம் சொல்வது

தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-இன்படி, கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள, நூறு ஆண்டு கடந்த பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொச்சியிலிருந்து கோவைக்கு லாரியில் கொண்டுவருவதற்குச் சிக்கலில்லை. ரசீது மட்டும் எழுதி வாங்குங்கள். ‘டச்சு, 150 வருடம்’ என்று வாயால் சொன்னதை ரசீதில் எழுதச் சொன்னால், கடைக்காரர் எழுதும் வாசகமே பாதி உண்மையைச் சொல்லிவிடும். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள், தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும். ஈட்டி மரம் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது.

தந்தம் பதித்த நாற்காலி, எத்தனை பழசானாலும், தொடாதீர்கள். விசாகப்பட்டினத்தில் 18-ஆம் நூற்றாண்டில் தந்தம் பதித்துச் செய்தவை உலகப் புகழ் பெற்றவைதான். ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1986, 1991 திருத்தங்களும் இந்த நாட்டில் தந்த வணிகத்தை அடியோடு தடுத்துவிட்டன. எலும்பு என்று சொல்லித் தந்தம் விற்பார்கள், தந்தம் என்று சொல்லி எலும்பு விற்பார்கள். இரண்டிலும் நஷ்டம் வாங்குபவருக்கே.

அண்மைக் காலத்தில் இன்னொரு மோகம் சேர்ந்திருக்கிறது. 1950-களில் சண்டிகர் நகரம் கட்டியபோது அதன் அரசு அலுவலகங்களுக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே வடிவமைத்த, தலைகீழ் ‘வி’ கால் வைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகள். பழசென்று மொட்டைமாடியில் குவித்து ஏலம் விட்டவை, பின்னர் பாரிஸ், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கில் போயின. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் வெளியே அனுப்பவும் தடை போட்டது. இப்போது எல்லா ஊர்க் கடைகளிலும் அவற்றின் நகல் நிற்கிறது. நகல் என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். உட்கார நல்ல நாற்காலி அது.

கண் பழகுவதற்குச் செலவே இல்லாத வழி ஒன்றிருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு நாள் அருங்காட்சியகம் போங்கள். கொச்சி அரச குடும்பத்தின் சாமான்கள் திருப்பூணித்துறை ஹில் பேலஸில் உள்ளன. கொச்சி தேவராவில், இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் மரவேலையைச் சேர்த்தே எழுப்பிய கேரள ஃபோக்லோர் மியூசியம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு தக்ஷிணசித்ரா பக்கம். அங்கே கவிழ்த்துப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் நிஜமான தேய்மானம் எப்படி இருக்கும் என்பது மனதில் பதியும். அதன் பிறகு கடைக்குப் போனால் பாதிச் சரக்கைக் கண்ணே ஒதுக்கிவிடும்.

எத்தனை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஒன்று. இன்றைய அடுக்குமாடிக் கூடத்துக்கு, ஜன்னலோரமாக, விளக்குப் பக்கத்தில், நல்ல பழைய நாற்காலி ஒன்று போதும். நேர் வெயில் படக் கூடாது, ஏசி காற்று முகத்திலடிக்கும் இடமும் கூடாது. கொச்சி ஈரத்தில் பழகிய மரம் மதுரை வெயிலுக்கும் ஏசி அறைக்கும் வந்தால் சுருங்கி மூட்டு விடும், பிரம்பு முறியும். முதல் கோடையில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். பிரம்பு தொய்ந்தால் ஈரத்துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். காயக் காய இறுகிக்கொள்ளும். மேல்பக்கம் வழவழப்பான தோல், தண்ணீர் ஏறாது. அதனால்தான் அடியில் துடைப்பது.

பிரம்பு அறுந்துபோனால் ஒயர் போட்டு முடித்துவிடாதீர்கள். நம் நாட்டின் அரசு அலுவலகங்களில் பிரம்பு பின்னும் வேலையைப் பல தலைமுறையாகப் பார்வையற்றவர்கள் செய்துவந்தார்கள். பார்வையற்றோர் பள்ளிகளில் அது பாடமாகவே இருந்தது. குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு வரிசையை விரல் கணக்கிலேயே இழுத்துக் கட்டும் கைகள் அவை. பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் அந்த வேலை வற்றிவிட்டது. தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கூப்பிடத்தான் ஆளில்லை. மட்டாஞ்சேரிக்கு ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன், உங்கள் வீட்டுப் பரணிலும் ஊர்வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் ஒருமுறை தேடுங்கள். பிரம்பு அறுந்த நாற்காலி ஒன்று அகப்பட்டால் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போடாமல், அருகிலுள்ள பார்வையற்றோர் பள்ளியையோ சங்கத்தையோ தொடர்புகொண்டு, பின்னத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.